முதுகு காட்டி உள்ளே வந்தவன்

வெறும் வயிற்றோடு ஒரு சமையல் கொட்டகைக்கு விசாரணைக்குப் போவதைவிடப் பெரிய தண்டனை துப்பறியும் தொழிலில் கிடையாது என்பது சோணைக்கு அன்று காலையில் விளங்கியது. கண்டரமாணிக்கத்தில் புஷ்பவள்ளியின் கொட்டகை முன் வேனை நிறுத்திய உடனேயே, அரிசி கழுவிய தண்ணீரில் கொதிக்கும் வாழைப்பூ மண்டியின் வாசனை வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தது.

"மூக்கை மூடிக்க. மூளை வேலை செய்யணும்," என்றாள் சத்தியப்பிரியா.

"அது அப்பவே அண்டாவுக்குள்ள விழுந்துருச்சுக்கா. கரண்டி போட்டுத்தான் எடுக்கணும்."

சத்தியப்பிரியா மதுரையில் ஒரு வங்கியின் கணினிகளுக்குக் காவல் இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, காரைக்குடி செக்காலை ரோட்டில் மிளகாய்ப்பொடிக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். சோணை அதற்கு முன் திருப்பத்தூர் மினி பஸ்ஸில் கண்டக்டர். ஏறுகிற ஆளின் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுப்பானா, ஏமாற்றுவானா என்று சொல்லிவிடுவான். அந்தக் கண்ணுக்காகத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டதாக அவள் ஊரெல்லாம் சொல்லுவாள். வேன் ஓட்டத் தெரியும் என்பதற்காகத்தான் என்று சோணைக்குத் தெரியும்.

புஷ்பவள்ளி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த வட்டாரத்தில் அவள் கை படாத கல்யாணப் பந்தி குறைவு. ஆனால் இன்று அவள் முகம் தீய்ந்த பால் மாதிரி இருந்தது.

"வாத்தா சத்தியா. மூணு கல்யாணம் போச்சு. மூணும் எங்கிட்ட மெனு பேசி முடிச்ச வீடு. மறுநாளே காரைக்குடி தண்டாயுதபாணி கடையிலருந்து அந்த வீட்டுக்குப் போன் போகுது. நான் பேசுன அதே மெனு, பதார்த்தம் மாறாம, மேல ஒரு இனிப்பையும் சேர்த்து. அங்குட்டுப் போயிட்டாக."

"மெனுவை எங்க வச்சிருக்கீக?"

"கம்ப்யூட்டருல. நம்ம வெப்சைட்டுல படம் எல்லாரும் பாக்கலாம். ஆர்டரு மட்டும் பாஸ்வேர்டு போட்டாத்தான் தெரியும். அது எனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது."

மாப்பிள்ளை என்றது ரவிக்குமாரை. வெப்சைட்டைக் கட்டி, வீட்டிலேயே ஒரு கணினியை வைத்து அதை ஓடவிட்டவன் அவன்தான். புஷ்பவள்ளியின் மகள் கீர்த்திக்கும் அவனுக்கும் மறுநாள் பரிசம்.

"நான் வெளிய சொல்லலை," என்றாள் புஷ்பவள்ளி. "அப்ப மிச்சம் யாரு? நாளைக்குச் சனமெல்லாம் வந்துரும். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீ ஒரு பேரைச் சொல்லணும். அது ரவி பேரா இருந்தா, அவுக வீட்டுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிருவேன். வீட்டுக்குள்ளயே திருடனுக்குப் பந்தி போட என்னால முடியாது."

அடுப்பு ஓரமாகக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த கீர்த்தியின் கத்தி நின்றது.

"ரவி பேரா இல்லைன்னாம்மா?"

"அப்ப கத்தியைக் கீழ வச்சுட்டுப் போயித் தலைக்கு எண்ணெய் வையி."

கத்தி மறுபடி ஓடியது. இந்தத் தடவை கேரட்டுக்கு என்ன பாவமோ, அது தூள் தூளாகியது.

---

கணினி இருந்தது மிளகாய் மூட்டை அறையில். சோணை உள்ளே போனதும் தும்ம ஆரம்பித்தவன் தும்மிக்கொண்டே இருந்தான்.

ரவிக்குமார் ஒல்லியாக, படியச் சீவிய தலையோடு, பரீட்சை ஹாலில் நிற்பவன் மாதிரி நின்றான். கணினியிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு ஒயரிலும் இது இன்னது என்று எழுதிச் சீட்டு ஒட்டியிருந்தான். கேட்டதற்கெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னான்.

சத்தியப்பிரியா திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "வெப் சர்வர் என்ன போட்டிருக்க?"

"மைனாக்கா."

"என்னது, கிளியெல்லாம் கிடைக்கலையா?" என்றான் சோணை தும்மலுக்கு நடுவில்.

"மைனாங்கிறது ஒரு சாப்ட்வேர்," என்று சத்தியப்பிரியா சொன்னாள். "உலகம் பூரா ஆளுக சேர்ந்து எழுதி, எழுதினதை எல்லாரும் பாக்குற மாதிரி வெளிய வச்சுருப்பாக. யாரு வேணாலும் எடுத்துப் போட்டுக்கலாம். ஒரு பக்கத்தை யாராவது கேட்டா எடுத்துக் குடுக்கிறது இதோட வேலை." அவள் ரவியின் பக்கம் திரும்பினாள். "ரவி, இது பழைய மைனா. இதுல ஒரு ஓட்டை இருக்கு, உடனே புதுசை மாத்துங்கன்னு எழுதினவங்களே ஆடி பிறந்த சமயத்துல அறிவிச்சாச்சு. இன்னைக்கு ஆடி கடைசி. ஏன் மாத்தலை?"

ரவி ஒரு ஒயர்ச் சீட்டை விரலால் அழுத்தி ஒட்டினான். கண் ஒரு கணம் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது.

"மறந்துட்டேன்க்கா."

சோணைக்குத் தும்மல் நின்றுவிட்டது. சில்லறை இல்லை என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையை மூடுகிறவனின் முகம் அது. ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான்.

ரவியைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சத்தியப்பிரியா திரையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க பாரு. புது மைனாவை இறக்கி வச்சிருக்கான். எப்ப? அறிவிப்பு வந்த அன்னைக்கே. ஆனா மாட்டலை."

"அப்ப மறக்கலை."

"மறக்கலை."

"ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சே திறந்து வச்சிருக்கான். பேரு கிடைச்சுருச்சுக்கா. மண்டி ஆறதுக்குள்ள சொல்லிட்டுச் சாப்பிட உக்காருவோம்."

"பொறு. முதல்ல ஓட்டை எப்படின்னு தெரிஞ்சுக்க. கானாடுகாத்தான்ல பெரிய வீடு ஒண்ணை ஓட்டல் ஆக்கி வச்சுருக்காகல்ல, அதை நினைச்சுக்க. வேடிக்கை பாக்க வர்றவன் முகப்பு வரைக்கும் வரலாம். உள்கட்டுக்குப் போகக் கூடாது. அதுக்கு வாட்ச்மேன் போட்டாச்சு. உள்ள போறவனையெல்லாம் தடுக்குறான். ஒருத்தன் என்ன பண்றான், முதுகைக் காட்டிப் பின்னாடியே நடந்து உள்ள வாரான். வாட்ச்மேன் பாக்குறான். முகம் வாசலைப் பாத்து இருக்கு. வெளிய போற ஆளுன்னு நினைச்சு விட்டுர்றான்."

"அந்த வாட்ச்மேன் எங்க சித்தப்பாவா இருக்கும்."

"மைனாவும் அப்படித்தான் ஏமாந்துச்சு. கம்ப்யூட்டருல ரெண்டு புள்ளி வச்சா 'ஒரு கட்டு தாண்டிப் போ'ன்னு அர்த்தம். அப்படிக் கேட்டாத் தடுக்கும். அதையே புள்ளிக்குப் பதிலா வேற குறியில எழுதிக் கேட்டா அடையாளம் தெரியாம விட்டுரும். பாஸ்வேர்டு கேக்குற வாசலுக்கே வராம, நேரா ஆர்டர் வச்சிருக்கிற கட்டுக்குப் போயிறலாம். போயிருக்கான். வந்து போனவன் என்ன கேட்டான்னு இந்த மிஷின் குறிச்சு வச்சிருக்கு, பாரு."

திரையில் சதவீதக் குறியும் எண்ணுமாக எறும்பு வரிசை மாதிரி ஏதோ ஓடியது. சோணைக்கு அது பஸ் நம்பராகக்கூடப் படவில்லை.

"ஆர்டருக்கெல்லாம் வரிசையா நம்பர். இவன் அடுத்த நம்பரை, அதுக்கு அடுத்த நம்பரைன்னு தட்டிப் பாத்துக்கிட்டே இருக்கான். விடிஞ்சதும் வாரான், மத்தியானம் வாரான். பால்காரன் மாதிரி."

"அப்ப ஓட்டையை இப்பவே அடைச்சுருவமே."

"அடைச்சா அவன் வரமாட்டான். அவன் வரலைன்னா, சாயங்காலம் நம்மகிட்ட இருக்கிற ஒரே பேரு ரவிதான்."

அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. அடுத்த நம்பரில் புது ஆர்டர் ஒன்று பிறந்தது. பெண் வீட்டார்: நெற்குப்பை, சோணை. போன் நம்பரும் அவனுடையதுதான்.

"எனக்கு ஏதுக்கா பொண்ணு? வீட்டுல ரெண்டு ஆடுதான் இருக்கு."

"பெரிய ஆட்டுக்கு வயசாகுதுல்ல?"

மெனுவில் கவுனி அரிசி, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் என்று பழுதில்லாமல் வரிசை போனது. நடுவில் அவள் இரண்டு பதார்த்தம் சேர்த்தாள். பாகற்காய்க் கூட்டு. பாகற்காய்ப் பச்சடி.

சோணை பதறிப்போய் அவள் கையைத் தடுக்கப் பார்த்தான். "யக்கா, கல்யாணப் பந்தியில பாகற்காயா? அது கருமாதிக்குப் போடுறதுல்ல. பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"தெரியணும்ல. யாருக்குத் தெரியலைன்னு பாப்போம்."

வெளியே வந்து ரவியிடம் கையை நீட்டினாள். "போனைக் குடு. சாயங்காலம் வரைக்கும் மிளகாய் ரூமுக்குள்ள போகாத. அத்தைக்கு எதிர்த்தாப்புல உக்காந்து சின்ன வெங்காயம் உரி."

"எம்புட்டுக்கா?"

புஷ்பவள்ளி ஒரு சாக்கைக் காலால் தள்ளிவிட்டாள்.

---

சோணை இரண்டாவது தட்டு மண்டியை வழித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. தெரியாத நம்பர். சத்தியப்பிரியா கண்ணைக் காட்டினாள்.

"வணக்கம் சார். தண்டாயுதபாணி கேட்டரிங்லேருந்து பேசுறேன். நெற்குப்பைல உங்க டாட்டர் வெட்டிங்னு கேள்விப்பட்டோம்."

"ஆமாமா, பொண்ணு இங்கதான் தழை தின்... சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. உங்களுக்கு யாரு சொன்னது?"

"நல்ல விஷயம் காத்துல வந்துரும் சார். நீங்க மனசுல வச்சிருக்கிற மெனுவையே இப்ப வாட்ஸ்அப்ல அனுப்புறேன், பாருங்க. அதுக்கு மேல ஒரு ஸ்வீட் எங்க அன்பளிப்பு."

போன் துடித்தது. தண்டாயுதபாணி கேட்டரிங் என்று பூப்போட்ட எழுத்தில் தலைப்பு. கீழே கவுனி அரிசி, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம். நடுவில், கொஞ்சமும் வெட்கமில்லாமல், பாகற்காய்க் கூட்டும் பாகற்காய்ப் பச்சடியும்.

சோணை திரும்பிப் பார்த்தான். ரவி அதே இடத்தில் இருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எதிரே புஷ்பவள்ளி. அவன் போன் சத்தியப்பிரியாவின் பைக்குள்.

"அப்ப இவன் சொல்லிக் குடுக்கலை," என்றான் சோணை மெதுவாக.

"இவன் சொல்லலை. அதோட, அங்க மெனுவை அனுப்புறவன் சமையல்காரனும் இல்லை. வண்டியை எடு."

குன்றக்குடி தாண்டும்போது ஆடிக் காற்று வேனை இரண்டு தடவை ரோட்டை விட்டு இறக்கப் பார்த்தது. "தண்டாயுதபாணியைப் பிடிச்சதும் நான்தான் கேள்வி கேப்பேன்," என்று சோணை ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

கேள்வி கேட்கிற வேலையே அவனுக்கு வைக்கவில்லை தண்டாயுதபாணி. காரைக்குடியில் தன் சமையல்கூடத்தில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாகு பதம் பார்த்துக்கொண்டிருந்தார். சோணை நீட்டிய போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வாசித்தார். பாதியில் அவர் வாய் நின்றது. பாகு கம்பிப் பதத்தைத் தாண்டிப் போவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"இது என்னய்யா, என் பேரைப் போட்டு எவன் விளையாடுறது? கல்யாண வீட்டுக்கு நான் பாகற்காய் போடுவேனா? என் மூஞ்சியில கரி பூசவா வந்தீக?"

"உங்க கடையிலருந்து இப்பத்தான் வந்துச்சு," என்றாள் சத்தியப்பிரியா.

அவர் நம்பரைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏய் ஈஸ்வரா. இறங்கி வா இங்குட்டு."

கழுத்தில் பட்டையும் அடையாள அட்டையுமாக ஓர் இளைஞன் இறங்கி வந்தான். ஆன்லைனில் ஆர்டர் பிடித்துத் தருகிறேன் என்று வேலைக்குச் சேர்ந்தவன். சேர்ந்ததிலிருந்து மளமளவென்று ஆர்டர் வந்ததால், எப்படி வருகிறது என்று தண்டாயுதபாணி கேட்கவில்லை. இப்போது கேட்டார். கையில் பாகுக் கரண்டி இருந்தது.

ஈஸ்வரன் கரண்டியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். "நான் எதையும் உடைக்கலை சார். அந்த ஓட்டையை அவங்களே உலகத்துக்குச் சொல்லியிருக்காங்க. இந்தப் பக்கத்துல யாரெல்லாம் இன்னும் அடைக்கலைன்னு பாத்தேன். இவங்க அடைக்கலை. மெனு தானா வந்து நம்ம லெட்டர்ஹெட்ல விழுற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். அவ்வளவுதான்."

"விழுந்ததை வாசிச்சுப் பாத்தியா?" என்றாள் சத்தியப்பிரியா.

"எதுக்கு மேடம்? அது பாட்டுக்கு ஓடுது."

"பூட்டு செஞ்சவன் 'இந்தப் பூட்டுல கோளாறு, மாத்திக்கங்க'ன்னு ஊருக்குச் சொல்றது வீட்டுக்காரன் மாத்திக்கிறதுக்கு. உனக்கு விலாசம் குடுக்கிறதுக்கு இல்லை." அவள் அவனுக்கு நேராக வந்து நின்றாள். "கண்டரமாணிக்கம் ரவிக்குமார் இதுக்கு உதவி பண்ணுனானா?"

"எந்த ரவிக்குமார்?"

சோணை அந்த முகத்தை உற்றுப் பார்த்தான். டிக்கெட் எடுக்காதவன்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் சரியான சில்லறை கொடுத்துவிட்டான்.

தண்டாயுதபாணி கரண்டியைக் கீழே வைத்தார். "புஷ்பவள்ளிக்கும் எனக்கும் கல்யாணத்துக்குக் கல்யாணம் போட்டி. அவ கந்தரப்பம் கல்லு மாதிரி இருக்குன்னு நாலு பேருகிட்ட நானே சொல்லியிருக்கேன். ஆனா அவ அடுப்புல இருந்து திருடித் திங்கிற நிலைமை எனக்கு இல்லைத்தா. அந்த மூணு வீட்டுக்கும் நானே போன் போட்டு நடந்ததைச் சொல்லிர்றேன். இவனை என்ன பண்ணணுமோ நீங்க பண்ணுங்க."

"அதைப் போலீஸ் பண்ணும்," என்றாள் சத்தியப்பிரியா.

---

அவர்கள் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. ரவிக்குமார் சாக்கின் அடிக்கு வந்திருந்தான். கண் இரண்டும் கோவைப்பழம்.

சத்தியப்பிரியா ஈஸ்வரன் கதையைச் சொல்லி முடித்தாள். புஷ்பவள்ளி பெருமூச்சு விட்டாள். கீர்த்தி கத்தியைக் கீழே வைத்தாள். எல்லாம் அதோடு நல்லபடியாக முடிந்திருக்கும். சோணையால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியலைக்கா. புதுசை இறக்கி வச்சுட்டு மாட்டாம விட்டான்ல, அது ஏன்? மறந்துட்டேன்னு நம்மகிட்டயே பொய் சொன்னானே."

புஷ்பவள்ளியின் முகத்தில் மறுபடி பால் தீய்ந்தது.

"ஓட்டை இருக்குன்னு முன்னாடியே தெரியுமா, ரவி?"

ரவி வெங்காயத்தைப் பார்த்தான். "தெரியும் அத்தை."

"தெரிஞ்சும் அடைக்கலை."

"ஆமா அத்தை."

"ஏன்?"

புஷ்பவள்ளி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். ரவி வீட்டு நம்பரைத் தேட ஆரம்பித்தாள். கீர்த்தி, "ஏதாவது சொல்லுங்களேன்," என்று கெஞ்சினாள். அவன் ஒரு வெங்காயத்தை எடுத்து மிகக் கவனமாகத் தோல் உரிக்க ஆரம்பித்தான்.

சத்தியப்பிரியா அவர்களைப் பார்க்கவில்லை. கொட்டகை மூலையில், அட்டைப் பெட்டி பிரிக்காமல் நின்ற பெரிய கிரைண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கிரைண்டர் பக்கத்திலேயே கடகடவென்று உதறிக்கொண்டு ஓடியது.

"இது எப்ப வந்துச்சு, அத்தாச்சி?"

"அது கிடக்கு, ஆடி பிறந்த உடனே வந்துச்சு."

"பழசுதான் இந்தப் பாடு படுதே. ஏன் இன்னும் மாட்டலை?"

"ஆடியில எவளாவது புதுசை மாட்டுவாளா? நாளைக்கு ஆவணி பிறக்கட்டும், பொட்டு வச்சு..." புஷ்பவள்ளியின் குரல் கிரைண்டர் மாதிரியே உதறி, நின்றுபோனது. போனில் தேடிக்கொண்டிருந்த விரலும் நின்றது.

"ஆடி பிறந்த உடனே ரவி உங்ககிட்ட வந்து ஏதோ கேட்டானா?" என்றாள் சத்தியப்பிரியா.

புஷ்பவள்ளி பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "வந்தாரு. கம்ப்யூட்டருல அவசரமா ஒண்ணு மாத்தணும், இல்லைன்னா ஆளு உள்ள வந்துருவாகன்னு சொன்னாரு. ஆடியில ஒரு கரண்டிகூடப் புதுசா எடுக்க மாட்டேன், ஆவணியில பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். மறுபடியும் வந்தாரு. சொன்னா ஒரு தடவையில கேக்க மாட்டீகளான்னு சத்தம் போட்டேன்." அவள் ரவியை நிமிர்ந்து பார்த்தாள். "இதைச் சொல்றதுக்கு என்ன? காலையில இருந்து திருடன்னு சொல்லி வெங்காயம் உரிக்க வச்சிருக்கேன்."

"உங்களாலதான் கல்யாணம் மூணும் போச்சுன்னு நான் எப்படி அத்தை வெளி ஆளுக முன்னாடி சொல்றது?"

சோணை தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான்.

புஷ்பவள்ளி எழுந்தாள். போனைக் கீர்த்தி கையில் கொடுத்துவிட்டு நேராக மிளகாய் மூட்டை அறைக்குப் போனாள். எல்லாரும் பின்னால் போனார்கள்.

"மாட்டுங்க மாப்பிள்ளை."

"அத்தை, இன்னும் ஆடி..."

"வீட்டுல ஆளு பூந்துட்டான். நல்ல நாளு பாத்தா கதவைச் சாத்துவாக? மாட்டுங்க."

ரவி நாற்காலியில் உட்கார்ந்தான். சில வரிகள் ஓடின. திரை ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. சத்தியப்பிரியா தன் போனிலிருந்து ஈஸ்வரன் வந்த அதே வழியில் முதுகு காட்டி உள்ளே வந்து பார்த்தாள். வாட்ச்மேன் விழித்துக்கொண்டுவிட்டான். அனுமதி இல்லை என்று வந்தது.

"அம்புட்டுத்தானா?" என்றாள் புஷ்பவள்ளி.

"அம்புட்டுத்தான் அத்தை."

"ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம் ஆகலை. இதுக்குப் போயி..." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய் நெடி என்றாள். பிறகு ரவியின் எதிரில் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை, இனிமே நான் தப்பா ஒண்ணு சொன்னா, நீங்க எதிர்த்துப் பேசணும். யாரு முன்னாடின்னாலும் சரி. மாமியான்னு பாக்கக் கூடாது."

"சரி அத்தை," என்றான் ரவி.

கீர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அதுக்கும் சரிங்கிறாரு பாருங்க."